-2 அடியில் 35: குறி மாறி -35 வருகுது, எங்கே பிழை?

பரந்தன்:
பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஏ35 எண்டபடியால் 35ஐயே எடுத்து -2 அடிக்கு (இடங்களின் பெறுமதி வலமிருந்து 1, -2, 4, -8 எண்டு போகும் எண்முறைக்கு) மாற்றிப் பார்க்கிறேன். பைதன் நிரல்மொழியில் -2ஆல் // போட்டு ஈவும் % போட்டு மீதியும் எடுக்க, மீதிகள் வரிசையாக -1, 0, -1, -1, 0, -1. இலக்கம் 0 அல்லது 1ஆகத்தானே இருக்கவேணும் எண்டு மறைக்குறிகளை எடுத்துவிட்டுக் கீழிருந்து மேலாக எழுதினேன்: 101101. விரித்தால் -32-8+4+1 = -35. ஏன்?

முறிகண்டி:
இது தற்செயலாக வந்த விடை இல்லை. பைதனில் மீதி எப்போதும் வகுத்தியின் குறியைத்தான் எடுக்கும். -2ஆல் வகுத்தால் 0 அல்லது -1 மட்டுமே வரும். அந்த -1களோடு உங்கள் விடை 35தான், சரி. எல்லா மறைக்குறியையும் எடுத்தது முழு எண்ணையும் -1ஆல் பெருக்கினதற்குச் சமம்.

மீதி -1 வந்தால் அந்தப் படியிலேயே மீதியோடு 2ஐயும் ஈவோடு 1ஐயும் கூட்டுங்கோ. 35க்கு ஈவு -18, மீதி -1. திருத்தினால் -17, 1. தொடர்ந்து:
-17 → 9, மீதி 1
9 → -4, மீதி 1
-4 → 2, மீதி 0
2 → -1, மீதி 0
-1 → 1, மீதி 1
1 → 0, மீதி 1
கீழிருந்து மேல் 1100111. 64-32+4-2+1 = 35.

திரும்பத் திரும்ப வகுக்கிற தடத்தின் (loop) நிபந்தனையையும் பாருங்கோ. "ஈவு 0ஐ விடப் பெரிது" எண்டு எழுதினால் -17இலேயே நின்றுவிடும். "ஈவு 0 அல்லாதவரை" எண்டு இருக்கவேணும்.

நெடுங்கேணி:
மேலே உள்ள இரண்டு விடைகளையும் பக்கத்தில வைத்துப் பாருங்கோ. 1100111இல் ஏழு இலக்கம், 101101இல் ஆறு. -2 அடியில் இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்டால் நேர் எண், இரட்டை எண்டால் மறை எண். முன்னுக்குக் குறியே தேவையில்லை. ஆனால் வீச்சு சமச்சீர் இல்லை: ஆறு இடத்துக்குள் -42இலிருந்து 21 வரைதான். 35க்கு ஏழாவது இடம் வேண்டிவந்தது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பண்பு 3ஆல் வகுபடுதல். -2ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அதன் எல்லா வலுக்களுக்கும் மீதி 1. 1களை எண்ணினாலே போதும். 35இல் ஐந்து 1கள். 5க்கும் 35க்கும் மீதி 2. -10 அடியில் இதே வேலையை 11க்குச் செய்யலாம்.

பரந்தன்:
விளங்கிட்டுது, நன்றி. கூட்டும்போது இன்னொரு சிக்கல். 2 எண்டால் 110, அதனால் 1+1 வந்த இடத்தில் 0 போட்டு அடுத்த இரண்டு இடத்துக்கும் 1 கொண்டுபோனேன். 11 + 1 (அதாவது -1+1) முடியுதே இல்லை.

ஒட்டுசுட்டான்:
முடியாது. ஒவ்வொரு இடத்திலும் திரும்ப 1+1 வந்து, பின்னும் இரண்டு இடத்துக்குத் தள்ளும். 11ஐக் கொண்டுபோகாமல் -1ஐ மட்டும் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோங்கோ. கூட்டுத்தொகை 2 எண்டால் 0 எழுதி -1; 3 எண்டால் 1 எழுதி -1; -1 எண்டால் 1 எழுதி +1. இப்ப 11 + 1: முதல் இடம் 2, 0 எழுதி -1 கொண்டுபோகும்; அடுத்த இடம் 1-1 = 0. முடிந்தது.

1100111ஓடு 101101ஐயும் இப்படிக் கூட்டிப் பாருங்கோ. வலப்பக்கமிருந்து எண்ண முதலாம், மூன்றாம், ஆறாம் இடங்களில் மட்டும் 2 வரும். மூன்று -1களும் அடுத்தடுத்த இடத்து 1களைத் தின்றுவிடும், ஏழு இடமும் 0.