பெருவள்ளிக் கொடித்துண்டில் நாற்று எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பெகுவிலிருந்து:
பெருவள்ளியில் பெரிய வேதனை விதைக்கிழங்குதான். குழம்புக்கு ஆகிற நல்ல கிழங்கையே வெட்டி மண்ணில் போட வேண்டியிருக்கிறது. அதனால் நான் இப்போது கொடியை வெட்டித்தான் நாற்று எடுக்கிறேன். நைஜீரியாவில் இபாதானில் இருக்கும் வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் இதை உமிக்கரியில் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் பர்மாவில் உமிக்கா பஞ்சம்? அரிசி மில் வாசலில் குவிந்து கிடக்கிறது.

மே மாத மழைக்கு நட்ட கொடி பந்தலேறிப் படர்ந்ததும், பூ வருவதற்கு முன்னால் வெட்டுங்கள். நுனி இளசு, அழுகிவிடும். அடிக்கொடி முற்றியிருக்கும். நடுக்கொடிதான் தோது. துண்டுக்கு ஒரு கணு போதும், ஆனால் இலை கட்டாயம் வேண்டும். வேர் பிடிக்கும்வரை அந்த இலைதான் அதற்குச் சோறு போடுகிறது. உமிக்கரியைத் தண்ணீரில் அலசி, கணு உள்ளே புதைய, இலை வெளியே நிற்க ஊன்றி, நிழலில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று வாரம் போனபின் ஒரு துண்டை மெல்லக் கிளப்பிப் பாருங்கள். வெட்டுவாய் வெறுமனே இருக்கும். காம்பின் அடியில் கணு லேசாகப் புடைத்து, அங்கிருந்துதான் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். எனக்கு அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

மோல்மீனிலிருந்து:
அண்ணே, நீங்கள் சொன்ன பருவம் ரொம்ப முக்கியம். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மழை ஓய்கிற நேரம் வெட்டினார்கள். பகல் சுருங்கினால் கொடி கிழங்கு வைக்கத்தான் பார்க்கும். தளிர் விடவில்லை, கணுவிலேயே கோலிக்குண்டு அளவுக்குக் கிழங்கு உருண்டிருந்தது. அவர்கள் அதையும் வீணாக்காமல் அடுத்த மழைக்கு விதையாக எடுத்து வைத்தார்கள்.

தட்டோனிலிருந்து:
நான் இதற்கு மாறியது நூற்புழுவுக்காக. கிழங்கின் தோலுக்கடியில் கறுப்பாக அரித்திருக்குமே, அதுதான். விதைக்கிழங்கு வழியாக வருஷா வருஷம் கூடவே வரும். தரைக்கு மேல் இருக்கும் கொடியில் அது வருவதில்லை. வைரஸ் அப்படியில்லை, துண்டோடு சேர்ந்தே வந்துவிடும். இலையில் திட்டுத் திட்டாக மஞ்சள் தெரிகிற கொடியில் கத்தி வைக்காதீர்கள்.

இன்னொன்று. முதல் வருஷம் கிடைப்பது சின்னக் கிழங்குதான். வீட்டில் யார் கேட்டாலும் சமையலுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த வருஷம் அதை முழுசாக நட்டால்தான் பெரிய கிழங்கு பார்க்கலாம்.

பெகுவிலிருந்து:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. நானும் அந்தச் சின்னக் கிழங்கைத் தனியாக மணலில் வைத்துவிடுகிறேன்.