இன்ஜின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் விழவில்லை. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

பழைய வண்டிக்காரர்:
வணக்கம். என்னுடையது 5 கியர் உள்ள பழைய பெட்ரோல் கார், ஹைட்ராலிக் கிளட்ச். கொஞ்ச நாளாகவே முதல் கியர் போடுவது கஷ்டமாகிக்கொண்டே வருகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசும் சத்தம். ஓட்டத்தில் 2, 3 எல்லாம் இறுக்கமாக இருந்தாலும் விழுந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் தடையே இல்லாமல் விழுகின்றன. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சின்க்ரோ போச்சு, பாக்ஸை இறக்கணும்" என்கிறார். பெரிய வேலை என்பதால் தயக்கமாக இருக்கிறது. அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

கிரீஸ் கை:
அவசரப்பட்டு இறக்காதீர்கள். இன்ஜின் நின்றால் விழுகிறது, ஓடினால் விழவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் மீதுதான். பெடலை மிதித்தும் கிளட்ச் பிளேட் முழுதாக விடுபடவில்லை. அதனால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுவதை நிறுத்தி வேகத்தைச் சமப்படுத்துவது சின்க்ரோவின் வேலை. பின்னால் இன்ஜின் தள்ளிக்கொண்டே இருந்தால் அதனால் எப்படி முடியும்? பழைய கியர்பாக்ஸ் பலவற்றில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோவே கிடையாது. அதனால்தான் அது முதலில் கத்துகிறது.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டி ஐடிலில் இருக்கும்போது கிளட்சை அடிவரை மிதியுங்கள். ஐந்தாறு நொடி அப்படியே பிடித்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் பிளேட் விடுபடவில்லை என்று அர்த்தம். அப்புறம், பெடலைப் படபடவென்று மூன்று நான்கு முறை மிதித்துவிட்டுப் போட்டால் என்ன ஆகிறது என்றும் சொல்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால் பெடலுக்குக் கீழே தரைவிரிப்பு மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை:
லிங்கேஜ் புஷ்ஷையும் பாருங்கள். கியர் லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கம்பியிலோ கேபிளிலோ உள்ள நைலான் புஷ் தேய்ந்தால் லீவர் தொளதொளவென்று ஆடும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்றே பிடிபடாது.

கிரீஸ் கை:
புஷ் தேய்ந்திருந்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் தகராறு செய்யும். இவருக்கு அப்படி இல்லை. அதனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய வண்டிக்காரர்:
விரிப்பு சரியாகத்தான் இருக்கிறது. காத்திருந்து போட்டாலும் கரகரக்கிறது. ஆனால் படபடவென்று மிதித்துவிட்டுப் போட்டால் ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது! முதல் கியரும் அப்படித்தான். கிளட்ச் ஃப்ளூயிட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறது, நிறமும் கறுத்துவிட்டது.

கிரீஸ் கை:
அப்படியானால் பாக்ஸைத் தொடவே வேண்டாம். ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு சீல் விட்டுக்கொடுக்கிறது. கிளட்ச் ஃப்ளூயிட் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது.

ஃப்ளூயிட் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே தெரிந்தால் அதன் ரப்பர் உறையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ஸ்லேவ் கப் (உள்ளே உள்ள ரப்பர் சீல்) போய்விட்டது. அங்கே காய்ந்திருந்தால், பெடலுக்குப் பின்னால், மிதித்ததும் ஃப்ளூயிட்டை ஸ்லேவுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பி நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். மாஸ்டர் வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுப்பதும் உண்டு. அப்படி இருந்தால் முதல் கியரில் பெடலை மிதித்துக்கொண்டே நிற்கும்போது வண்டி மெல்ல முன்னே நகரப் பார்க்கும். இதை எதிரில் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் மட்டும் பாருங்கள்.

சரிசெய்யும்வரை ரிவர்ஸை அழுத்தித் திணிக்காதீர்கள். பல் முனை சிதைந்தால் அப்போது நிஜமாகவே பாக்ஸை இறக்க வேண்டி வரும்.

இரவு ஷிஃப்ட்:
ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்குக்கூட டப்பாவில் இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் மாற்ற வேண்டிவரும். பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவாக இருந்தால் பிரேக்குக்கும் ஆபத்து. மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பழைய வண்டிக்காரர்:
ஸ்லேவ் உறையைத் தள்ளியதும் கறுப்பாக ஃப்ளூயிட் வழிந்தது. கப் மட்டும் மாற்றலாமா, முழு சிலிண்டரா?

கிரீஸ் கை:
உள்சுவரை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் கப் போதும். துருக்குழியோ கீறலோ தட்டுப்பட்டால் புதுக் கப்பும் சீக்கிரம் கிழியும், முழு சிலிண்டரையே மாற்றிவிடுங்கள்.

மாட்டிய பிறகு காற்று எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். ஸ்லேவில் காற்றை வெளியேற்றத் திறக்கும் ப்ளீட் நிப்பிளில் ஒரு குழாய் செருகி, மறுமுனையை ஃப்ளூயிட் உள்ள பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடல் மேலே வரவேண்டும். முன்னாலேயே விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். நடுவில் டப்பா காலியானாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய வண்டிக்காரர்:
உள்ளே துருக்குழி இருந்ததால் புது ஸ்லேவ் மாட்டி, தெளிவான ஃப்ளூயிட் வரும்வரை காற்று எடுத்தோம். ரிவர்ஸ் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது, முதல் கியரும் அப்படியே. மனசு லேசாகிவிட்டது, ரொம்ப நன்றி. காலையில் குளிர்ந்த வண்டியில் மட்டும் 2-க்கு மாற்றும்போது லேசாக உரசுகிறது, சூடானதும் போய்விடுகிறது.

நெடுஞ்சாலை:
அது மட்டும் சின்க்ரோவோ ஆயிலோ ஆக இருக்கலாம். கடைசியாக எந்த கியர் ஆயில் ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் வண்டி மேனுவல் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் ஒரு தர வகை) கேட்டு, உள்ளே ஜிஎல்-5 இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய பித்தளைச் சின்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். வடிக்கும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வழக்கமானதுதான். இரும்புத் துண்டுகள் ஒட்டியிருந்தாலோ, ஆயிலில் பித்தளை மினுக்கு நிறைய தெரிந்தாலோ இங்கே எழுதுங்கள்.

கிரீஸ் கை:
அதுவரை காலையில் முதல் சில நிமிடம் 2-க்கு நிதானமாகப் போடுங்கள், நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திவிட்டு. டப்பாவின் அளவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து வாராவாரம் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் அடுத்து பார்க்க வேண்டியது மாஸ்டர்.