தம்பி அமெரிக்காவில் எடுத்துத் தரும் போன் இங்கே ஆகுமா?

வணக்கமுங்க. பெருந்துறையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், என் பழைய போனில் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

டல்லாஸில் இருக்கும் தம்பி, "அண்ணா, என் லைனில் அப்கிரேடு இருக்கு, செப்டம்பரில் புது ஐபோன் வந்ததும் என் பழசைக் கொடுத்துட்டு உங்களுக்கு எடுத்துத் தர்றேன், கிட்டத்தட்ட சும்மாதான்" என்கிறான். விசாரித்தால் அந்தச் சும்மா என்பது அவனுக்கு லைன் கொடுத்த கம்பெனி போன் விலையை 36 மாத பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பதாம், நடுவில் லைனை விட்டால் மீதிக் கழிவு போச்சு, பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும், பணம் முடியும் வரை, வேறு கம்பெனி சிம் வேலை செய்யாதபடி போனில் போட்டிருக்கும் லாக்கையும் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அவனோ இரண்டு வருசத்தில் கோவைக்கே வந்துவிடப் போகிறான்!

இன்னொன்று, 2022-ல் வந்த 14-லிருந்து அமெரிக்க ஐபோனில் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத ஈசிம் மட்டும்தான். நானோ போன் மக்கர் செய்தால் சிம்மைக் கழற்றிக் கடைப் பையன் போனில் போடுகிற ஆள்.

இல்லாவிட்டால் வருச ஆரம்பத்தில் வரும் சாம்சங் எஸ் வரிசைக்குக் காத்திருந்து, ஈரோட்டிலேயே எக்ஸ்சேஞ்சில் இஎம்ஐ போட்டு எடுக்கலாம். வீட்டுக்காரம்மா ஓட்டு இதற்குத்தான்.

அங்கிருந்து போன் கொண்டுவந்து இங்கே ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லாக் இல்லாததை முழு விலைக்கே வாங்கச் சொல்லிவிடட்டுமா? ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிடுவான், அதற்குள் சொன்னால் புண்ணியமாப் போகும்ங்க.