மேட்டுப்பாத்தியில் இலை ஓரம் கருகுகிறது, மண் மேல் வெள்ளையாகப் படிகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி (உச்சிப்புளி)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தை பிறந்ததும் மூன்று மேட்டுப்பாத்தி போட்டோம். ஹாலோ பிளாக் இரண்டு வரிசை, நாலடி அகலம், எட்டடி நீளம். எங்கள் பக்கம் முழுக்க மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அதனால் அடியில் தார்ப்பாய் விரித்து, செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள் கட்டி), மாட்டு எரு கலந்து நிரப்பினோம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று நட்டோம். பீன்ஸ், தண்டுக்கீரை விதை போட்டோம்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தது. இப்போது பீன்ஸின் அடி இலைகள் நுனியிலிருந்து ஓரமாகத் தீய்ந்து, தொட்டால் நொறுங்குகின்றன. தக்காளி வளராமல் நிற்கிறது. மண் ஈரமாக இருக்கும்போதே பத்து மணிக்கெல்லாம் செடி தலையைத் தொங்கப் போடுகிறது. பிளாக் ஓரத்தில் கோலமாவு கொட்டியது போல வெள்ளைப் படிவு. வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை. தண்ணீர் போர் தண்ணீர். ஆர்ஓ மெஷின் பார்க்க வந்தவர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 1900 என்றார். ஆர்ஓ கழிவுத் தண்ணீரும் பாத்திக்குத்தான் போகிறது. சத்துக் குறைபாடா, வேறு ஏதாவதா?

பதில் (ராமநாதபுரம்)

தம்பி, உப்புதான். பாத்திக்கு இரண்டு கிலோ ஜிப்சம் போட்டுத் தண்ணீர் விடுங்கள், சரியாகிவிடும்.

பதில் (தேவிபட்டினம்)

உப்பு என்பது சரி. ஆனால் ஜிப்சத்தை இப்போது போட வேண்டாம். களிமண்ணில் சோடியம் ஏறி மண் இறுகிப் போனால்தான் அதற்கு வேலை. அப்போதும் தண்ணீர் கீழே வடிய வழி இருக்க வேண்டும். தம்பியின் பாத்தியில் அந்த வழியைத்தான் தார்ப்பாய் அடைத்துவிட்டது. வடியாத பாத்தியில் ஜிப்சமும் இன்னொரு உப்பாகத்தான் சேரும்.

டிடிஎஸ்ஸை 640ஆல் வகுத்தால் இசி, அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன், தோராயமாக வரும். 1900 என்றால் கிட்டத்தட்ட 3. பாசனத் தண்ணீருக்கு 3 என்பதே கடைசி எல்லை மாதிரி. அதைத் தினமும் ஊற்றுகிறீர்கள், வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுப் போகிறது. ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிராம். ஒரு பாத்திக்கு நாளைக்கு 15 லிட்டர் என்றால், மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல் உப்பு. கீழே தார்ப்பாய், பக்கத்தில் பிளாக், அது எங்கே போகும்? ஈரம் இருந்தும் செடி வாடுவது இதனால்தான். மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது.

ஆர்ஓ கழிவுத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். கோகோபீட்டைக் கழுவினீர்களா? கட்டி மிச்சமிருந்தால் டிடிஎஸ் குறைந்த தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். கழுவாத கட்டியில் உப்பு நிறைய இருக்கும்.

கேள்வி கேட்டவர்

கழுவவில்லை அண்ணே, ஊறவைத்து அப்படியே கலந்தோம். மண்ணை மொத்தமாக அள்ள வேண்டுமா? இருப்பதே உப்புத் தண்ணீர், அதை வைத்து உப்பை எப்படிக் கழுவுவது?

பதில் (தேவிபட்டினம்)

அள்ள வேண்டாம். கடப்பாரையால் பாத்தி முழுக்க முக்கால் அடிக்கு ஒரு குத்து, தார்ப்பாய் கிழியும்வரை. அடி வரிசை பிளாக்கிலும் இரண்டு மூன்று ஓட்டை. கீழே மணல் இருப்பது உங்களுக்கு வரம், வடிகால் தானாகக் கிடைக்கும்.

உப்புத் தண்ணீரால் கழுவலாம். மண்ணுக்குள் சேர்ந்திருக்கும் உப்பு உங்கள் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டி. அதனால் போர் தண்ணீரே அதைக் கரைத்துக் கீழே தள்ளும், தன் அளவுக்கு மட்டும் குறைக்கும். முதலில் வெள்ளைப் படிவைச் சுரண்டி வெளியே போடுங்கள். பிறகு நிறையத் தண்ணீரை இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். ஓட்டையில் வடிவதைப் பிடித்து மீட்டரில் பாருங்கள். அது போர் தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். எருவின் சத்தும் கொஞ்சம் போகும், அப்புறம் மண்புழு உரம் வையுங்கள்.

இனிமேல் தினமும் தெளிக்காதீர்கள். ஊற்றும்போது கீழே கொஞ்சம் வடிகிற அளவுக்கு நன்றாக ஊற்றி, மேல் மண் காயத் தொடங்கியதும் அடுத்தது. இலையில் படாமல் மாலையில். இன்னொன்று, சிறு தூறல் விழுந்தால் மகிழ்ந்துவிட்டு விடாதீர்கள். மேலே இருக்கும் உப்பை அது வேருக்குத்தான் இறக்கும். தூறலோடு சேர்த்து நீங்களும் ஊற்றிவிட வேண்டும்.

பதில் (தங்கச்சிமடம்)

தம்பி, பீன்ஸை நம் கடற்கரையில் மறந்துவிடுங்கள். மண்ணின் இசி 1 தாண்டினாலே அதற்கு ஆகாது. தட்டைப்பயறு கிட்டத்தட்ட 5 வரை தாங்கும். கொத்தவரையும் நன்றாகத் தாங்கும். பருப்புக்கீரைக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. பங்குனி, சித்திரை வெயிலுக்கு இவை போதும். மேலே ஒரு நிழல் வலை, காற்று வரும் பக்கம் பனையோலைத் தட்டி. கடல் காற்றில் வரும் உப்பும் இலையைத் தீய்க்கும். வைக்கோலோ சருகோ கனமாக மூடாக்குப் போடுங்கள், ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். ஆனால் கரையில் ஒதுங்கும் கடல்பாசியைக் கழுவாமல் போடாதீர்கள்.

மாடித் தண்ணீரையும் விடாதீர்கள். 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 450 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நாற்று வளர்க்க அதை ஒதுக்கிவையுங்கள், இளம் செடிக்குத்தான் உப்பு அதிகம் வலிக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி அண்ணே. மிளகாய் மட்டும் பச்சையாக நிற்கிறது. பிடுங்கவா, விடவா?

பதில் (தங்கச்சிமடம்)

விடுங்கள். பாத்தியைக் கழுவிய பிறகு புதுத் துளிர் வந்தால் காய்க்கும். அடுத்த முறை புரட்டாசியில் முண்டு மிளகாய் போடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்து மிளகாய், ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்து பழகியது. அந்த மழையே உங்கள் பாத்தியையும் கழுவிக் கொடுக்கும், தார்ப்பாயில் ஓட்டை இருந்தால்.

பதில் (தேவிபட்டினம்)

கழுவிய பிறகும் சந்தேகம் இருந்தால், ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாத்தி மண் அரைக் கிலோ, போர் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துப் போய்க் கேளுங்கள். மேல் மண்ணை மட்டும் அள்ளாமல் முக்கால் அடி ஆழம்வரை எடுங்கள்.