மும்பையில் கடல் காற்றோடு சூடான பஜ்ஜி: மாமனாரை எங்கே கூட்டிப்போகலாம்?

மாட்டுங்கா மருமகள்:
அடுத்த வாரம் மாமனார் மயிலாப்பூரிலிருந்து வருகிறார். மெரினாவில் மிளகாய் பஜ்ஜியைத் தாளில் வாங்கி, அலையோரம் நின்றே சாப்பிட்டு வளர்ந்தவர். இங்கேயும் அப்படி ஒரு சாயங்காலம் அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. முழங்கால் வலி உண்டு. ஜூஹு கடற்கரையா, கிர்காவ் சௌபாட்டி கடற்கரையா?

செம்பூர்வாசி:
ஜூஹு ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், அவ்வளவு கூட்டம். தாதர் மேற்கில் கீர்த்தி காலேஜ் சந்துக்கு டாக்ஸியில் போங்கள். வடை பொரிக்கும்போது எண்ணெயில் உதிரும் கடலைமாவுத் துணுக்குகளை, அதுதான் சூரா, பன்னுக்கு நடுவே உருளைக்கிழங்கு வடை வைத்த வடாபாவுக்குள் அள்ளி வைத்துத் தருவார்கள். முதல் கடியில் மொறுமொறுவென்று நொறுங்கும், பின்னாலேயே பூண்டுச் சட்னியின் காரம் ஏறும். கடற்கரை பக்கம்தான், பார்சல் சூடு ஆறுவதற்குள் போய்விடலாம். பையை மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள், ஆவியில் நமத்துவிடும்.

சயான் அத்தை:
மழை தொடங்கிவிட்டதே அம்மா, கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. அந்த நேரத்தில் தாதரில் நிற்க மணலே இருக்காது. முழங்காலுக்கு மரைன் டிரைவ்தான் நல்லது, கடலைப் பார்த்தபடி சுவரிலேயே உட்காரலாம். சர்னி ரோடு ஸ்டேஷனிலிருந்தும் கிட்ட.

மாட்டுங்கா மருமகள்:
சரி அத்தை, வாரநாளிலேயே போகிறோம். தாதரில் பார்சல், அப்புறம் அதே டாக்ஸியில் மரைன் டிரைவ். மிளகாய் பஜ்ஜி மட்டும் வீட்டிலேயே போட்டு எடுத்துப்போகிறேன்.