பொருள்: மின்காருக்கு வீட்டுச் சுவரில் மாட்டும் ‘சார்ஜர்’ – மின்னேற்றிதானா, வேறு பெயர் வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்கார் வாங்குவோருக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வரை தடங்கலில்லாமல் ஓடியது. வீட்டில் சார்ஜர் பொருத்துவதைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன்.

சார்ஜருக்கு ‘மின்னேற்றி’ என்று நம் கலைச்சொல் மடற்குழுவில் எப்போதோ முடிவாகிவிட்டது. கைப்பேசிக்கு எல்லாரும் அதைத்தான் எழுதுகிறோம். நானும் அதையே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வந்து விழுந்தது:

“உங்கள் மின்னேற்றி 22 கிலோவாட் ஆனாலும், மின்னேற்றி 7.4 கிலோவாட் என்றால் 7.4 கிலோவாட்டில்தான் ஏறும்.”

முதல் மின்னேற்றி சுவரில் இருப்பது. அடுத்தது வண்டிக்குள் இருப்பது. எழுதிய எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது.

என் நண்பர் ஒருவர் இந்தக் குழப்பத்துக்குக் காசு கொடுத்தவர். “பெரிசா இருந்தா சீக்கிரம் ஏறும்ல” என்று 22 கிலோவாட் பெட்டியை வாங்கி, அதற்காகவே மும்முனை இணைப்பு இழுத்து மாட்டினார். அவர் வண்டியில் இருப்பதோ ஒருமுனை, 7.4 கிலோவாட். முதல் நாள் இரவு, பெட்டியின் திரையில் 7.3 என்ற எண் அசையாமல் நிற்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: “பெட்டி பழுதா?” பெட்டி நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்திருந்தால் கடையிலேயே “வண்டிக்குள்ள இருக்கறது எவ்வளவு?” என்று கேட்டிருப்பார்.

சுவரில் இருப்பதற்கு ஒரு சொல் தாருங்கள்.

———

> சுவரில் இருப்பதற்கு ஒரு சொல் தாருங்கள்.

வேண்டாம் ஐயா. ‘சுவர் மின்னேற்றி’, ‘வண்டி மின்னேற்றி’ என்று எழுதினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புதுச்சொல் என்று போனால், அகராதி எழுதியவரைத் தவிர வேறு யாரும் கையேட்டைப் படிக்க மாட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் யாரும் “மின்னூட்டம் நிகழ்கிறதா” என்று கேட்பதில்லை. “சார்ஜ் ஏறுதா?”, “இறங்கிடுச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். ஏறுவதும் இறங்குவதும் ஏற்கெனவே வாயில் இருந்ததால்தான் ‘ஏற்றி’ நிலைத்தது. பாடநூலில் மின்னூட்டம் இருந்தும் ‘மின்னூட்டி’ பேச்சில் ஒட்டவே இல்லை. வாயில் இருப்பதை விட்டுவிட்டு எங்கே போகப் போகிறீர்கள்?

———

வணக்கம். நான் மின்பொருத்து வேலைகளை மேற்பார்வை பார்ப்பவள். இந்தப் பெட்டிகளில் நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘சுவர் மின்னேற்றி’ என்பதில் எனக்குள்ள சிக்கல் நீளம் இல்லை. அது தவறு. அந்தப் பெட்டி எதையும் ஏற்றுவதே இல்லை.

கைப்பேசி மின்னேற்றியை உடைத்தால் உள்ளே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக ஆக்கும் சுற்று இருக்கும். ஏற்றி என்றால் அதுதான் வேலை. மின்காரில் அந்தச் சுற்று வண்டிக்குள்தான் இருக்கிறது. சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் கண்ணில் படுபவை இவ்வளவுதான்: தடித்த ஒயர்கள் வந்து இறுகும் முனையங்கள், ‘டக்’ என்று ஒட்டி விலகும் கான்டாக்டர் என்ற ஒரு பெரிய சுவிட்ச், மின்கசிவு பார்க்கும் வளையம் ஒன்று, ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. வீட்டிலிருந்து மாறுமின்னோட்டமாக உள்ளே வந்தது, மாறுமின்னோட்டமாகவே வெளியே போகிறது. மின்காருக்கு மின்சாரம் கொடுக்கும் முறையை வகுக்கும் எஸ்ஏஇ ஜே1772 என்ற ஆங்கிலத் தரநூல் இதைச் சார்ஜர் என்று சொல்வதில்லை, ‘சப்ளை எக்விப்மென்ட்’ என்கிறது. ஆங்கிலம் பேசுபவர்களும் வாயால் சார்ஜர் என்றே சொல்லி, நம்மைப் போலவே குழம்புகிறார்கள்.

அப்படியானால் அந்தப் பலகை என்ன செய்கிறது? வண்டியோடு பேசுகிறது. செருகியில் மின்சாரம் வரும் முள்களைத் தவிர ஒரு மெல்லிய குறிகை (சிக்னல்) ஒயரும் உண்டு. வண்டி இல்லாதபோது பெட்டி அதில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். செருகியவுடன் வண்டிக்குள் இருக்கும் ஒரு மின்தடையால் அது 9 ஆக இறங்கும். “யாரோ வந்திருக்கிறார்கள்” என்று பெட்டிக்குத் தெரியும். உடனே அது நொடிக்கு 1,000 தடவை ஏறி இறங்கும் சதுர அலையை அனுப்பத் தொடங்கும். வண்டி “நான் தயார்” என்றால் 9 என்பது 6 ஆகும். அப்போதுதான் கான்டாக்டர் ஒட்டும். நீங்கள் செருகிய பிறகு ஒன்றிரண்டு நொடி கழித்துக் கேட்கும் ‘டக்’ இதுதான். அதுவரை செருகியின் பெரிய முள்களில் மின்சாரமே இல்லை. மழையில் நனைந்த கையோடு செருகினாலும் அடிக்காமல் இருப்பதற்கு இந்த ஒழுங்கு ஒரு பெரிய காரணம்.

அழகான பகுதி அந்தச் சதுர அலைதான். அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்குக்கு 0.6 ஆம்பியர் என்று கணக்கு. அலை பாதி நேரம் மேலே நின்றால் “30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்” என்று பொருள். 10 விழுக்காடு நின்றால் 6 ஆம்பியர், அதுவே மிகக் குறைந்த அளவு. பெட்டி சொல்வது உச்சவரம்பு மட்டும். அதற்குள் எவ்வளவு எடுப்பது என்பது வண்டியின் பாடு. 7.4 கிலோவாட் மின்னேற்றி உள்ள வண்டியிடம் நீங்கள் எவ்வளவு பெரிய வரம்பைச் சொன்னாலும் அது 7.4தான் எடுக்கும். உங்கள் நண்பரின் திரையில் நின்ற எண் இதுதான்.

ஆகவே நமக்கு வேண்டியது, ‘இருப்பதில் இவ்வளவு விடலாம் என்று சொல்லி, திறந்து, மூடும் ஒன்று’ என்ற பொருள் வரும் சொல். நான் யோசித்துப் பார்த்தவை: ‘மின்வழங்கி’ நல்ல சொல். ஆனால் கணினிக்காரர்கள் ‘வழங்கி’யை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘மின்வாய்’ வேதியியலில் போய்விட்டது. ‘மின்முனை’ என்றால் மும்முனை, ஒருமுனையோடு மோதும். ‘சுவர்ப்பெட்டி’யைத் தூணில் மாட்டினால் என்ன செய்வது?

வயலுக்குத் தண்ணீர் விடும் மடை நினைவுக்கு வந்தது. ‘மின்மடை’ – எப்படி இருக்கிறது?

———

> ‘மின்மடை’ – எப்படி இருக்கிறது?

பொருள் அருமை அம்மா. ஆனால் ஒருமுறை தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்: “எங்க வீட்டுல இன்னைக்கு மின்மடை.” மறுமுனையில் இருப்பவர் “எப்ப வருமாம்?” என்பார். மின்தடைக்கும் இதற்கும் ஒரு மெய்தான் வேறுபாடு. உங்கள் மடலிலேயே நான்கு பத்தி முன்னால் ‘வண்டிக்குள் இருக்கும் ஒரு மின்தடை’ வருகிறது, பாருங்கள். அச்சில் ஒரு எழுத்துப் பிழை போதும், கையேடு கவிழ்ந்துவிடும். போதாததற்கு, பெட்டியை மாட்ட வருபவரை ‘மின்மடையர்’ என்று யாராவது எழுதித் தொலைப்பார்கள்.

பக்கத்திலேயே ஒரு சொல் சும்மா நிற்கிறது: மதகு. மடை என்பது வாய். மதகுக்குப் பலகை உண்டு, அதை அளவு பார்த்துத் தூக்கலாம், இறக்கலாம். மதகு தண்ணீரை உண்டாக்குவதும் இல்லை, இறைப்பதும் இல்லை. நீங்கள் விவரித்த பெட்டி அப்படியே இதுதான்.

மின்மதகு.

———

மதகு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று கேள்வி கேட்காமல் விடப் போவதில்லை.

ஒன்று, வண்டியோடு வரும் கம்பியின் நடுவில் செங்கல் போலத் தொங்குகிறதே, அது என்ன? அதையும் மதகு என்பீர்களா? கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் முதல் இரண்டு மாதம் அதைத்தான் சாதாரண சாக்கெட்டில் செருகி ஓட்டினேன். 10 ஆம்பியர்தானே என்று இரவு முழுக்க விட்டுவிடுவேன். ஒரு நாள் காலையில் செருகியைப் பிடுங்கினால் சூடு விரலைச் சுட்டது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் தேன் நிறத்துக்குப் போயிருந்தது. உள்ளே திருகு தளர்ந்திருந்ததாம். மதகு இருந்தும் வாய்க்கால் கரை உடைந்ததே?

இரண்டு, சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் விரைவுப் பெட்டிகளும் மதகா?

மூன்று, வண்டியிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் திரும்ப எடுக்கலாம் என்கிறார்கள். மேட்டுக்குத் தண்ணீர் போகும் மதகை நான் பார்த்ததில்லை.

———

மூன்றும் நல்ல கேள்விகள்.

செங்கலுக்குள்ளும் அதே குறிகைப் பலகையும் கான்டாக்டரும்தான் இருக்கின்றன. ஆகவே அதுவும் மதகுதான், ‘கைமதகு’ என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் சாக்கெட் கருகியதற்குக் காரணம், அந்த இணைப்பு மணிக்கணக்கான சுமையைத் தாங்கும் நிலையில் இல்லாததுதான். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் 10 ஆம்பியர் இழுக்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். வண்டி எட்டு மணி நேரம் இழுக்கும். தளர்ந்த திருகில் உண்டாகும் சூடு ஆற நேரமே கிடைப்பதில்லை. வீட்டில் பொருத்தும் மதகுக்குத் தனி ஒயர், தனி முறிப்பான் (சர்க்யூட் பிரேக்கர்), சரியான எர்த் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். முறிப்பானின் அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் வரம்பை வைக்க நான் விடுவதில்லை. 40 ஆம்பியர் முறிப்பான் என்றால் 32.

மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் கசிவு முறிப்பான் பற்றியும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். வண்டியிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால், வீட்டில் இருக்கும் வழக்கமான கசிவு முறிப்பான் மரத்துப்போய், வேறொருவருக்கு அடிக்கும்போதும் விழாமல் இருந்துவிடலாம். 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டு அணையும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் வெளியில் நேர்மின்னோட்டக் கசிவையும் கண்டுபிடிக்கும் ‘பி’ வகைக் கசிவு முறிப்பான் போட வேண்டியிருக்கும், அது விலை கூடியது. செயலி இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

இரண்டாவது கேள்விக்கு: விரைவுப் பெட்டி மதகு இல்லை. அதற்குள் நேர்மின்னோட்டமாக்கும் சுற்றுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வண்டியின் மின்னேற்றியை ஒதுக்கிவிட்டு நேரே மின்கலத்துக்குக் கொடுக்கிறது. அதுதான் உண்மையான மின்னேற்றி. இத்தனை நாள் நாம் சிறியதற்குக் கொடுத்த பெயர் பெரியதற்குச் சேர வேண்டியது.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். சில ஏற்பாடுகளில் நேர்மின்னோட்டத்தை மறுபடி மாறுமின்னோட்டமாகத் திருப்பும் வேலையைச் சுவரில் இருக்கும் பெட்டியே செய்யும். அப்போது அது மதகு இல்லை, அதற்கு வேறு சொல் பார்க்கலாம். வண்டிக்குள்ளேயே திருப்பும் சுற்று இருந்தால், பெட்டி அப்போதும் திறந்து மூடுவதைத்தான் செய்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் மேடு என்பதைக் கேட்டு மதகு திறப்பதில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். முழு மனதோடு சொல்லவில்லை.

ஒன்று விட்டுப்போனது. சில பெட்டிகள் வீட்டின் மெயின் ஒயரில் ஒரு கவ்வியை மாட்டி, வீடு மொத்தமும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குளிர்சாதனமும் வெந்நீர்க் கலனும் ஓடத் தொடங்கினால் வண்டிக்கான வரம்பைத் தானாகக் குறைக்கும், அவை நின்றதும் ஏற்றிக்கொள்ளும். வீட்டு இணைப்பு சிறியது என்றால் 22 கிலோவாட் என்ற எண்ணை விட இந்த ஒரு வசதிக்குக் காசு கொடுக்கலாம். மேலே வேறு கிளைக்குத் தண்ணீர் போகும்போது பலகையை இறக்குவது போலத்தான்.

———

அனைவருக்கும் நன்றி. அந்த வாக்கியத்தை இப்படி மாற்றினேன்:

“மின்மதகு 22 கிலோவாட் வரை திறந்துவிட்டாலும், வண்டியின் மின்னேற்றி 7.4 கிலோவாட் என்றால் அவ்வளவுதான் ஏறும்.”

ஒரே தடவை படித்தால் போதும் என்று படுகிறது. ‘சார்ஜர் என்று கடையில் சொல்லும் சுவர்ப் பெட்டி’ என்று முதல் இடத்தில் மட்டும் விளக்கம் சேர்த்திருக்கிறேன். புதுச்சொல் வேண்டாம் என்றவருக்காக அது.

பெரிய பெட்டிதான் வேண்டுமா என்பதற்கு ஒரு கணக்கும் போட்டேன். நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 8 யூனிட். 16 ஆம்பியரில் விட்டாலே இரண்டேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். வண்டி வீட்டில் நிற்பதோ பத்து மணி நேரம். நண்பரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று என் வீட்டிலும் பெட்டி மாட்டினார்கள். பழைய ஒயரிங், 25 ஆம்பியர் முறிப்பான்தான் போட முடிந்தது. முறிப்பான் பலகையில் ஒட்ட சீட்டு எழுதும்போது, சோதித்துப் பார்க்கலாமே என்று ‘மின்மதகு’ என்று எழுதி ஒட்டினேன். எலக்ட்ரீஷியன் அதை ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே வரம்பு வைக்கும் சிறு திருகுக்கு நேராகத் திருப்புளியை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்:

“சார், மதகை எவ்வளவுக்கு வைக்கணும்?”

20 ஆம்பியர் என்றேன்.