மறு: ‘இம்போர்ட்’டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பட்டர்வொர்த் ஆசிரியை:
வணக்கம். சனிக்கிழமை கணினி வகுப்புக்கான ஆக்சஸ் (மைக்ரோசாப்ட்டின் தரவுத்தள மென்பொருள்) பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வாராவாரம் வரும் மாணவர் பதிவுப் பட்டியல் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள் கொண்ட) கோப்பாக இருக்கும். அதைக் கையால் அட்டவணைக்குள் கொண்டுவராமல், ஒருமுறை செய்த படிகளைச் சேமித்துவைத்து மேக்ரோவால் (கட்டளைகளைத் தானே வரிசையாகச் செய்யும் குறுநிரலால்) மறுபடி ஓடவிடுவதுதான் பாடம். ஆக்சஸ் 2007இலிருந்து இந்த வசதி உண்டு. கோப்பிலிருந்து அட்டவணைக்குள் கொண்டுவரும் இந்த ‘இம்போர்ட்’டுக்கு நான் ‘இறக்குமதி’ என்று எழுதினேன். முதல் படி பதிவிறக்கம், அடுத்த படி இறக்குமதி. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

கோலாலம்பூர்:
டீச்சர், ‘இம்போர்ட்’ என்றே விடுங்கள். திரையில் இருப்பது அதுதான். மலாயிலும் ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ என்று எடுத்துக்கொண்டார்கள், மொழி ஒன்றும் செத்துப்போகவில்லை.

சுங்கைப் பட்டாணி:
அப்படியானால் இந்தச் சொல்லாக்கக் குழுவை மூடிவிடலாமே ஐயா! ‘இறக்குமதி’யே தலைகீழ்ச் சொல் என்பது என் கட்சி. பட்டினப்பாலையில் ‘நீரினின்றும் நிலத்து ஏற்றவும்’ என்று வருகிறது. வந்த சரக்கைக் கரைசேர்ப்பது அதைப் பாடிய உருத்திரங்கண்ணனாருக்கு ஏற்றுதல். நாம் கப்பலில் நின்று பார்க்கிறோம், அவர் கரையில் நின்று பார்த்தார். தரவுத்தளம்தான் கரை. ஆகவே ‘தரவேற்றம்’. கூடவே ஒன்று: அதே பாட்டில் ‘காழகத்து ஆக்கமும்’ வருகிறது. காழகம் கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. எங்கள் கெடா சரக்கு அன்றைக்கே புகார்த் துறையில் இறங்கி, மன்னிக்கவும், ஏறியிருக்கிறது. அங்கே புலிமுத்திரை குத்தித்தான் மூட்டையை வெளியே விட்டார்கள். தரவை உள்ளே விடுமுன் செய்யும் அப்படிப்பட்ட சோதனைக்கும் ஒரு சொல் வேண்டும், ‘பொறித்தல்’ எப்படி?

ஈப்போ:
> ஆகவே ‘தரவேற்றம்’
அது அப்லோடுக்குப் போய்ப் பல காலமாகிறது. தரவிறக்கம் டவுன்லோடுக்கு. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ‘உள்வாங்கல்’ என்று சொல்லலாமே?

பட்டர்வொர்த் ஆசிரியை:
2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பினாங்கில் உள்வாங்குவது என்றால் கடல்தான். பிள்ளைகள் சிரிப்பார்கள். பொறித்தல் பற்றி ஐயா கேட்டது நல்ல கேள்வி. எங்களுக்கு உண்மையான தொல்லையே அங்கேதான். 2008இல் பிறந்த பிள்ளையின் அடையாள அட்டை எண் 08 என்று தொடங்கும். கோடு போடாமல் பன்னிரண்டு இலக்கமாக வந்தால் ஆக்சஸ் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். அந்தப் புலத்தை (ஃபீல்டை) ‘உரை’ என்று முதல் தடவையே குறித்துச் சேமித்தால் அடுத்த வாரமும் சரியாக வரும். கோப்பின் பெயரும் இடமும் மாறக்கூடாது. சேமித்துவைத்த படிகள் பழைய பாதையில்தான் போய்த் தேடும். அப்புறம் அட்டை எண்ணை முதன்மைச் சாவியாக வைத்தால் ஒரே பிள்ளை இரண்டு முறை நுழையாது.

ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற கணக்கர்:
டீச்சரம்மா சொல்வதைப் பார்த்தால் இது கணக்குப்பிள்ளை வேலை. வெளியிலிருந்து வந்ததைச் சரிபார்த்து, இரட்டிப்பாகாமல், உரிய பக்கத்தில் பதிவது. பினாங்கு ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகளில்) இதை ‘வரவு வைத்தல்’ என்பார்கள். ‘தரவை வரவு வை’. தானாக நடந்தால் ‘தன்வரவு’. எந்தப் பாட்டிக்கும் புரியும்.

கோலாலம்பூர்:
பாட்டிக்குப் புரியும். வணிகவியல் படிக்கும் படிவம் ஐந்து பிள்ளை, யார் கணக்கில் எவ்வளவு ரிங்கிட் என்று கேட்கும்.

சுங்கைப் பட்டாணி:
எனக்கு ‘வரவு’ பிடித்திருக்கிறது. ஆனால் கலிப்பாவில் முதல் உறுப்பின் பெயரும் தரவுதான், அந்தத் தரவுக்குப் பின் தாழிசைதான் வரும், வரவு வராது. இன்னொன்று, ‘தன்வரவு’ என்பது தானே வந்ததா, தன்னுடைய வருமானமா? ‘தானியங்கு வரவு’ என்றால் தப்பலாம்.

ஈப்போ:
அப்போ எக்ஸ்போர்ட் ‘செலவு’. கோப்பை வெளியே அனுப்பினால் தரவு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

சுங்கைப் பட்டாணி:
தீராது ஐயா! செலவு என்றால் செல்லுதல். அகத்துறையில் தலைவன் புறப்பட நினைத்துத் தயங்கி நின்றுவிடுவது செலவழுங்கல். பாதியில் ‘ரத்து’ பொத்தானை அழுத்தினால் அதுவேதான். இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

பட்டர்வொர்த் ஆசிரியை:
அச்சகத்தில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேர் ‘இறக்குமதி’யே போதும் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள், அதனால் அதுவே போகிறது. குழப்பம் வராமலிருக்க முதல் படியைக் ‘கோப்பை எடுத்துவைத்தல்’ என்று மாற்றிவிட்டேன். ஆக்சஸ் திறந்ததும் தானே ஓடும் ‘ஆட்டோஎக்ஸெக்’ மேக்ரோவின் பெயரை மொழிபெயர்க்கவில்லை. எழுத்து மாறினால் ஓடாது.

ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற கணக்கர்:
சரி டீச்சரம்மா. அடிக்குறிப்பிலாவது ‘வரவு வைத்தல்’ என்று ஒரு வரி போடுங்கள்.

சுங்கைப் பட்டாணி:
போட்டால் பக்கத்திலேயே என் மறுப்பையும் போடவேண்டும். ‘இறக்குமதி’யில் வரும் ‘மதி’ எங்கிருந்து வந்தது என்று யாருமே இன்னும் கேட்கவில்லை. நாளைக்குத் தனி இழையில் எழுதுகிறேன்.